அழுகிய வேருக்குப் புது மண்ணா, தண்ணீர் பாட்டிலா?

மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனாலும் அக்லோனிமா என்ற அழகு இலைச்செடி துவண்டு கிடக்கிறது, அடியிலைகள் மஞ்சளாகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று மேலும் ஊற்றிவிடாதீர்கள். செடியை வெளியே எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், நடுவில் நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். அதையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டிவிட வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்து பாட்டில் தண்ணீரில் வைப்பதா, மண்தொட்டிக்கு மாற்றுவதா என்பதில்தான் இரண்டு கட்சி.

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் பால்கனிச் செடியை நான் மண்தொட்டிக்குத்தான் மாற்றினேன். இப்போது துளிர்விட்டிருக்கிறது. அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

பாட்டிலில் செலவில்லை, வேர் விடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவதே இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். ஒன்றிரண்டு வாரம் விட்டால் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தவிர, தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்கு வந்ததும் திணறும். ஏற்கெனவே நொந்துபோன செடிக்கு அது இன்னொரு அடி.

மண்தொட்டி விஷயத்தில் என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பது. கடலை ஒட்டிய நம் பக்கத்தில் காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியில் வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இருந்தால் நாள்கணக்கில் சொதசொதவென்றே கிடக்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகலுக்குக் காரணமான பித்தியம் போன்ற கிருமிகளின் வித்துகள் அந்த ஈரத்தில் நீந்திப் போய் அடுத்த வேரைப் பிடிக்கும். சுட்ட மண்தொட்டியில் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறுகிறது. தொட்டி பெரிதாக வேண்டாம், மிஞ்சிய வேர் அடங்கினால் போதும். பெரிய தொட்டியில் உறிஞ்ச வேரில்லாத மண் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் போட்ட கலவை செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பொடித்த செங்கலும் மரக்கரித் துண்டும் சேர்ந்து இரண்டு பங்கு. அடியில் ஜல்லி பரப்புவதால் வடிகால் அதிகமாகிவிடாது, ஓட்டை அடைபடாமல் இருந்தால் சரி. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

மண்தொட்டிக்கும் குறை உண்டு. கத்திரி வெயிலில் மளமளவென்று காய்ந்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும்.

அழுகல் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியும் கொஞ்சம் கலந்தேன், ஆனால் செடி பிழைத்தது அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வேர் ஒன்றுகூட மிஞ்சாமல் தண்டு மட்டும் கெட்டியாக இருந்தால் பாட்டிலுக்கே போங்கள். தண்டிலும் அழுகல் ஏறியிருந்தால், உள்ளே பழுப்பில்லாத இடம் வரும்வரை வெட்டிவிட்டு மிஞ்சிய நல்ல தண்டைத் தண்ணீரில் வையுங்கள். எந்த வழியானாலும் புது இலை விரியும்வரை உரம் வேண்டாம்.