ஸ்டாக்கர், பசில், பிட்: பார்க்கிங் விதிக்காக வாங்கப்படும் மூன்று இயந்திரங்கள், ஒரு விமர்சனம்

கட்டட விதிகள் பார்க்கிங்கை எண்ணிக்கையாகத்தான் கேட்கின்றன. வீட்டுக்கு இத்தனை, கடையின் பரப்புக்கு இத்தனை, அரங்கின் இருக்கைகளுக்கு இத்தனை என்று மனைக்குள்ளேயே இடம் காட்டினால்தான் வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைக்கும். தரையில் ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் போதும். ஆனால் அந்தக் கார் திரும்பி உள்ளே நுழைய எதிரில் 6 மீட்டர் பாதை வேண்டும். அதில் பாதியைச் சேர்த்தாலே ஒரு காருக்கு 20 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. சரிவுப்பாதை, தூண், படிக்கட்டு எல்லாம் சேர்ந்தால் 25, 30 கூட ஆகும். மனை சிறியதாகவும் கேட்கும் எண்ணிக்கை பெரியதாகவும் இருந்தால் பில்டர், கார்களை இயந்திரத்தால் அடுக்கி நிறுத்தும் மெக்கானிக்கல் பார்க்கிங்கைத்தான் நாடுவார்.

சந்தையில் அதிகம் விற்கும் மூன்று வகைகளை, அனுமதி வாங்குபவரின் கண்ணால் பார்க்காமல், தினமும் காலையில் காரை எடுக்க வேண்டியவரின் கண்ணால் இங்கே பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு காரின் மேல் இன்னொன்றைத் தூக்கி நிறுத்தும் சாதாரண இரண்டடுக்கு ஸ்டாக்கர் ஒரே குடும்பத்தின் இரண்டு கார்களுக்கு நல்லது, இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவாக வேண்டவே வேண்டாம். தட்டுகள் புதிர்க் கட்டை போல நகர்ந்து வழிவிடும் பசில் வகையை, இயக்குவதற்கு ஆள் வைக்கும் கட்டடத்தில் நம்பி வாங்கலாம். ஒரு அடுக்கைக் குழிக்குள் இறக்கும் பிட் வகை, நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் இடத்துக்கு மட்டும்.

ஸ்டாக்கரில் தொடங்குவோம். இரண்டு அல்லது நான்கு தூண், ஒரு தட்டு, ஹைட்ராலிக் சிலிண்டர், செயின், ஒரு சாவி. இவ்வளவுதான் இயந்திரம். மேல் தட்டில் ஒரு காரை ஏற்றித் தூக்கிவிட்டு அடியில் இன்னொன்றை நிறுத்த வேண்டும். தூக்கவோ இறக்கவோ ஒரு நிமிடம்கூட ஆகாது. பாகங்கள் குறைவு என்பதால் பழுதும் குறைவு. குறை இயந்திரத்தில் இல்லை, அதைப் பங்கிடும் விதத்தில் இருக்கிறது. கீழே நிற்கும் கார் வெளியே வராமல் மேலே இருப்பதை இறக்க முடியாது. கீழ் வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டால் மேல் வீட்டுக்காரரின் கார் அவர் திரும்பி வரும் வரை அந்தரத்தில்தான் நிற்கும். சாவியைப் பொதுவில் கொடுத்து வைப்பது, காவலாளியைக் காரை நகர்த்தச் சொல்வது என்று எந்த ஏற்பாடு செய்தாலும் சில மாதங்களில் ஒருவர் சாலையில் நிறுத்தத் தொடங்கிவிடுவார். கார் சாலைக்கு வரக் கூடாது என்பதற்காகத்தானே விதி வந்தது! அதனால்தான் சில ஊர்களின் விதிகள், இரண்டு இடமும் ஒரே வீட்டுக்கு ஒதுக்கப்பட்டால் மட்டுமே இரண்டாக எண்ணும். உங்கள் ஊர் விதியில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் விற்பனை ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்குங்கள்.

அடுத்து உயரம். அதிகம் ஏமாறுவது இங்கேதான். விதி பெரும்பாலும் நீள அகலத்தைத்தான் அளக்கிறது. இயந்திரத்துக்குத் தேவை உயரம். 1.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு செடான்களை அடுக்க, தட்டின் தடிமனையும் மேலும் கீழும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்து ஏறக்குறைய 3.3 மீட்டர் வேண்டும். இரண்டும் 1.8 மீட்டர் எஸ்.யு.வி. என்றால் 3.9 அல்லது 4 மீட்டர். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 3.9 மீட்டர் என்று போட்டிருக்கும், தாராளம் என்று தோன்றும். அதில் 60 சென்டிமீட்டர் பீம் போனால் மிச்சம் 3.3. பீமுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் 15 சென்டிமீட்டர் தொங்கினால் 3.15. செடான் ஜோடிக்கே இடம் போதாது. ஆகவே அளக்க வேண்டியது கூரையின் அடி வரை அல்ல. பீம், குழாய், ஸ்பிரிங்ளர் இவற்றில் எது தாழ்வோ அதன் அடி வரை, உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு நேர் மேலே அளக்க வேண்டும். காரின் உயரத்தோடு கூரைக் கம்பியையும் ஆன்டெனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்த இடத்துக்கென்று தட்டு சாய்ந்து நிற்கும் ஸ்டாக்கரும் விற்கிறார்கள். செடானுக்கு அது சரியாக வேலை செய்யும். பின்னாளில் எஸ்.யு.வி. வாங்கும் எண்ணம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டால், விற்பவர் ஒரு வால்வைக் காட்டுவார். திறந்தால் தட்டு தானாக இறங்கும் என்பார். பாதிதான் உண்மை. தூக்கிய தட்டு எண்ணெய் அழுத்தத்தில் நிற்பதில்லை, தூணில் உள்ள இரும்புப் பூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பூட்டை விடுவிக்கத் தட்டை முதலில் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். அதற்கு மோட்டார் வேண்டும், இல்லையென்றால் கைப் பம்பு வேண்டும். கைப் பம்பு கூட வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், காரை மேலே வைத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பசில் வகை இன்னும் சிக்கலானது. சறுக்கும் எண் கட்டைப் புதிரில் ஒரு கட்டம் காலியாக இருந்தால்தான் மற்றவை நகரும். இதுவும் அதே போலத்தான். மேல் அடுக்குத் தட்டுகள் ஏறி இறங்கும், தரைத் தட்டுகள் பக்கவாட்டில் நகரும், நடு அடுக்கு இரண்டையும் செய்யும். உச்சி அடுக்கைத் தவிர ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கட்டம் காலியாக இருக்க வேண்டும். 5 வரிசை, 3 அடுக்கு என்றால் 15 கட்டம், ஆனால் 13 கார். 3 வரிசை, 2 அடுக்கு என்றால் 5 கார். விளம்பரத் தாளில் 15 என்று இருந்தால் கட்டத்தை எண்ணியிருக்கிறார்கள் என்று பொருள். ஒப்புதல் பெற்ற வரைபடத்திலும் இந்தக் கழித்தல் நடந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நடக்காவிட்டால் இரண்டு வீட்டுக்கு இடமே இல்லை.

இதன் பெரிய பலம், எந்தக் காரையும் மற்றவர் உதவியில்லாமல் எடுக்கலாம் என்பது. பலவீனம் நேரம். ஒரு காரை வெளியே எடுக்க, எந்த அடுக்கு என்பதைப் பொறுத்து, ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் ஆகும். சராசரி இரண்டு என்று வைத்தாலே 13 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற 26 நிமிடம். மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் இது பரவாயில்லை, கார்கள் நாள் முழுக்கப் பரவலாக வந்து போகும். எல்லாரும் எட்டரைக்கும் எட்டே முக்காலுக்கும் இடையே கிளம்பும் குடியிருப்பில் காத்திருப்புதான். 13 கார்களுக்கு ஒரே தொகுதி வாங்குவதைவிட 5, 5, 3 என்று தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு மூன்று தொகுதியாக வாங்குவது நல்லது. ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும், காத்திருப்பும் குறையும். வரிசை எண்ணிக்கை கூடும், விலையும் கூடும். மனை இடம் கொடுத்தால் கொடுக்கலாம்.

கதவு திறக்கும் இடைவெளியையும் கணக்குப் போட வேண்டும். வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், காரின் அகலம் 1.8 என்றால் இரண்டு கார்களுக்கு நடுவே 70 சென்டிமீட்டர். இரண்டும் நட்ட நடுவில் நின்றால்தான் அவ்வளவு. ஒன்று 15 சென்டிமீட்டர் ஒதுங்கி நின்றால் 55. ஒல்லியானவர் சமாளிப்பார், வயதானவர் முடியாது. தட்டின் விளிம்பு எழும்பி இருப்பதால் கதவின் அடி உரசும் வாய்ப்பும் உண்டு. அதனால் உடன் வருபவர், குழந்தைகள், சாமான் எல்லாம் தட்டுக்கு வெளியிலேயே இறங்கிவிட வேண்டும். அதற்கென்று வாசலில் ஒரு கார் நிற்கும் அளவு இடம் விடாத வடிவமைப்பு, பின்னால் வரும் கார்களைச் சாலையில் நிறுத்தி வைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் எக்காரணம் கொண்டும் இயந்திரத்தில் வரக் கூடாது. அது தரையில், சுமார் 3.6 மீட்டர் அகலத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பழுதுகளில் பெரும்பாலானவை சின்ன விஷயங்களால் வருபவை. காலியாக இருக்க வேண்டிய கட்டத்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பார், ஒளி சென்சார் மறைந்து எல்லாத் தட்டும் நிற்கும். சென்சார் கண்ணில் சிலந்தி வலை கட்டினாலும் அதே கதைதான். ஒரு துணி போதும், ஆனால் எந்தக் கண் என்று தெரிந்த ஆள் வேண்டும். காரின் பின்பகுதி தட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் இயந்திரம் நகராது, நகரவும் கூடாது. இன்னொன்று பலருக்குப் புரியாமல் இரவெல்லாம் திண்டாட வைக்கும். மின்வாரியம் கேபிளை மாற்றியபின் மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறி வந்தால், மோட்டார் தலைகீழாகச் சுற்றாமல் இருக்க ஃபேஸ் ரிலே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பெட்டியில் விளக்கு எரியும், பொத்தான் வேலை செய்யாது. எலக்ட்ரீஷியன் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. ரிலேயை ஒதுக்கிவிட்டு நேரடியாக ஒயர் போட்டு இணைப்பது மட்டும் கூடாது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது ரோப்பும் செயினும். நான்கு மூலையில் தொங்கும் தட்டில் புது வயர் ரோப்புகள் முதல் சில மாதங்களில் நீளும், ஒரே அளவில் நீளாது. தட்டு ஒரு மூலையில் தாழ்ந்தால் பாதுகாப்புக் கொக்கி சரியாக விழாது. முதல் காலாண்டிலேயே மட்டம் பார்த்து இழுத்துக் கட்ட வேண்டும், பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்க வேண்டும். தூக்கும் செயின் 2 முதல் 3 சதவீதம் நீண்டுவிட்டால், அதாவது 1 மீட்டருக்கு 20, 30 மில்லிமீட்டர், எண்ணெய் போட்டு ஓட்டக் கூடாது, மாற்ற வேண்டும். சர்வீஸ் தாளில் ‘செயின் சரி’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். அளந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

எடையையும் கேளுங்கள். செடானுக்கென்று 2,000 கிலோவுக்கு விற்ற தட்டில் பெரிய மின்சாரக் காரை ஏற்றக் கூடாது. பேட்டரியோடு சேர்ந்து அதன் எடை இரண்டு டன்னைத் தாண்டும். இன்று வாங்கினால் எல்லாத் தட்டும் 2,500 கிலோ என்று கேட்பதே புத்திசாலித்தனம். நகரும் தட்டில் சார்ஜர் வைக்கலாம், ஆனால் ஆரம்பத்திலேயே கேபிள் வழியோடு வடிவமைத்தால்தான். பிறகு சேர்க்கும் கேபிள் ஏதோ ஒரு நாள் சிக்கும். தீயணைப்பும் இதோடு சேர்ந்தது. கூரை ஸ்பிரிங்ளரின் தண்ணீர் மேல் தட்டில் பட்டுச் சிதறும், அடியில் எரியும் காரை எட்டாது. ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கவாட்டு ஸ்பிரிங்ளர் வேண்டும். ஸ்பிரிங்ளர்களுக்கான அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 13-இன் 2022 பதிப்பு சாதாரண கார் நிறுத்தத்தையே முன்பைவிட அதிக அபாயப் பிரிவுக்கு மாற்றியது. அடுக்கி நிறுத்தும் இடத்தில் பழைய கணக்கு போதாது.

பிட் வகையில் தரைக்கடியில் சுமார் 2 மீட்டர் குழி தோண்டி ஒரு அடுக்கை இறக்குகிறார்கள். கூரை தாழ்வான இடத்தில் இதுவே வழி, எந்தக் காரையும் தனியாக எடுக்கவும் முடியும். ஆனால் குழி என்றாலே தண்ணீர். நீர்புகாத சுவர், மூலையில் நீர் சேரும் சிறு குழி (சம்ப்), ஒன்றுக்கு இரண்டு பம்ப், ஜெனரேட்டர் இணைப்பு, நீர்மட்டம் ஏறினால் ஒலிக்கும் அலாரம், இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு பெருமழையில் கீழ் அடுக்குக் கார்கள் போய்விடும். மேல் தட்டின் வடிகால் அடைத்தால் எண்ணெய் கலந்த நீர் அடியில் உள்ள காரின் மேல் சொட்டும். பெயின்ட் அடித்த தட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும், கால்வனைஸ் செய்ததைக் கேளுங்கள்.

ஜப்பானில் 1962 சட்டப்படி, கார் வைத்திருக்க நிறுத்துமிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். இன்று அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நெருக்கமான நகரங்களில் அடுக்கு இயந்திரங்கள் பெருகின. இப்போது பழைய குடியிருப்புகளில் கார் குறைந்து, பராமரிப்புச் செலவு மட்டும் அப்படியே நிற்க, குழியை மூடித் தரையாக்கும் குடியிருப்போர் சங்கங்கள் பல. அமெரிக்காவில் 1923-ல் கொலம்பஸ் நகரம் அடுக்குமாடிகளுக்குக் கட்டாய பார்க்கிங்கைக் கொண்டுவந்தது. 2017-ல் பஃபலோ நகரம் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. விதி மாறலாம், வாங்கிய இயந்திரம் கட்டடத்தோடு இருபது வருடம் இருக்கும். ஆகவே விதிக்குத் தேவையான கடைசி எண் வரை இயந்திரத்தால் நிரப்பாமல், முடிந்ததைத் தரையில் வைத்து மீதியை மட்டும் இயந்திரத்துக்கு விடுவதே சரி. கடைகளுக்குள்ளோ பக்கத்து மனையோடோ பார்க்கிங்கைப் பகிர்ந்துகொள்ள விதி இடம் கொடுக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். பல விதிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்கும் நாளில் கைக்கு வர வேண்டியவை: ஐரோப்பிய இ.என். 14010 அல்லது அதற்கு இணையான பாதுகாப்புத் தரத்துக்கான சான்று, எடைச் சோதனை அறிக்கை, மின் வரைபடம், அடித்தளத்தில் ஒவ்வொரு தூணுக்கும் வரும் சுமையைக் கணக்கிட்ட பொறியாளரின் தாள், ஐந்து வருடத்துக்கான பராமரிப்பு விலை எழுத்தில். கூடவே இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.யின் புரோகிராம் பிரதியும் கடவுச்சொல்லும். இதை விற்றவர் எளிதில் தரமாட்டார். தராவிட்டால், அவர் கடையை மூடும் நாளில் ஒரு மின்னணு கார்டு பழுதானாலும் வேறு எந்த மெக்கானிக்கும் பெட்டியைத் திறந்து ஒன்றும் செய்ய முடியாது. கடைசித் தவணையை இதற்காகவே நிறுத்தி வையுங்கள்.