மருந்து பீரோவோடு நான்கு வருஷம்

எங்கள் முதியோர் இல்லத்தில் 38 பேர் இருக்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு முன்பு வரை அவரவர் மாத்திரை அவரவர் தலைமாட்டில், பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும். ஒரு பாட்டி பக்கத்துக் கட்டில்காரரின் சர்க்கரை மாத்திரையைத் தன்னுடையது என்று போட்டுக்கொண்டு, வியர்த்துக் கொட்டி மயங்கிச் சரிந்தார். அதற்குப் பிறகுதான் இரட்டைப் பூட்டு ஸ்டீல் பீரோ வாங்கினோம். நர்ஸாக அன்றிலிருந்து தினமும் அதைத் திறந்து மூடுகிறேன்.

உள்ளே ஒரு சின்ன லாக்கர், அதற்குத் தனிச் சாவி. தூக்கத்துக்கான அல்பிரசோலமும் வலிக்கான டிரமடாலும் அதில் இருக்கும். இரண்டுமே போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை; டிரமடால் 2018-லிருந்து. டூட்டி மாறும்போது இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுகிறோம். ஒருமுறை இரண்டு மாத்திரை குறைந்தது. எந்த ஷிஃப்டில் என்று உடனே தெரிந்துவிட்டதால் வீண் சந்தேகம் யார் மேலும் விழவில்லை. தண்ணீரில் விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுத மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குறை என்றால் வெயில். மேற்குச் சுவரை ஒட்டி வைத்துவிட்டோம். மே மாதம் உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 36 டிகிரி! பல மாத்திரை அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது. மறுநாளே உள்ளறைக்கு நகர்த்தினோம். இன்சுலின் முதலில் சமையலறை ஃபிரிட்ஜில், கறிவேப்பிலையோடு இருந்தது. யாரோ பின்னால் தள்ளி வைக்க, உறைந்தே போனது. உருகிய பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போடக் கூடாது. ஐந்து குப்பியைக் கொட்டினோம். இப்போது தனி ஃபிரிட்ஜ், 2 முதல் 8 டிகிரி. திறந்த குப்பியில் தேதி எழுதி 28 நாளில் மாற்றிவிடுகிறோம்.

ஆனால் எனக்கு மறக்காதது ஓர் இரவு. 2 மணிக்கு ஒரு ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாவிக்கொத்து மாடியில் டயப்பர் மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டரின் இடுப்பில். அவர் ஓடி வந்து இரண்டு பூட்டையும் திறந்து, நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்க ஆறேழு நிமிஷம் ஆகிவிட்டது. ஐயா பிழைத்துக்கொண்டார். அவர் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிய தடம் மறுநாளும் இருந்தது. சார்பிட்ரேட்டையும் பீரோவுக்குள் பூட்டச் சொன்னது நான்தான்.

இப்போது அது பூட்டில்லாத சிவப்புப் பெட்டியில், நர்ஸ் மேஜை மேல் இருக்கிறது. ஐயாவின் சட்டைப்பையிலும் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். சட்டை துவைக்கப் போகும்போதெல்லாம் எடுத்து மாற்றி வைப்பது என் வேலை.