ஜெனுயின் லெதர் என்று எழுதியிருந்த துண்டு மட்டும்தான் முழுசாகத் தோல்

தை மாதம் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 2,850 ரூபாய்க்குக் கறுப்பு ஹேண்ட்பேக் ஒன்று வாங்கினேன், சித்திரை முடிவதற்குள் தோள்வார் உரிந்துவிட்டது. கடையின் பெயரை எழுதவில்லை. அதே பை, அதே முத்திரையோடு வேறு இரண்டு கடைகளிலும் தொங்குவதைப் பிறகு பார்த்தேன், அதனால் ஒரு கடையைத் தவிர்த்தால் மட்டும் தப்பிக்க முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து வேலைக்குப் போகிறவள் நான், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் இதற்குள் அடங்கியது. ஜிப் இன்றுவரை சிக்கவில்லை. தையலும் நேராக இருக்கிறது.

ஆனால் நான் 2,850 கொடுத்தது ஜிப்புக்காக இல்லை. உள்ளே 'ஜெனுயின் லெதர்' என்று அச்சு குத்திய ஒரு சின்னத் துண்டு தைத்திருந்தது, கடைக்காரரும் "ஒரிஜினல் லெதர் மேடம், பத்து வருசம் வரும்" என்றார், அதை நம்பித்தான் வாங்கினேன். ஒரு நாள் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அக்கா, "என்ன புள்ள, தோள்ல கறுப்பா ஒட்டியிருக்கு" என்று தட்டிவிட்டார். வெள்ளைச் சுடிதாரில் மிளகுத்தூள் தூவினமாதிரி செதில் செதிலாக இருந்தது. வாரைத் திருப்பிப் பார்த்தால் கறுப்புப் படலம் பெயர்ந்து அடியில் வெள்ளைத் துணி தெரிகிறது.

கடைக்கு எடுத்துப் போனேன். "லெதர்னா அப்படித்தான் மேடம், வெயில்ல உரியும், கண்டிஷனர் போடுங்க" என்றார்கள். இது பொய் என்று எனக்கு அங்கேயே தெரியும். எங்கள் பெரியப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர், அவர் கொடுத்த ஆட்டுத்தோல் மணிபர்ஸ் ஒன்றை அம்மா 30 வருசத்துக்கு மேல் வைத்திருக்கிறார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் அது. ஓரம் தேய்ந்திருக்கிறது, நிறம் கறுத்திருக்கிறது, ஒரு இடத்தில் கீறலும் உண்டு. அந்தக் கீறலுக்குள்ளும் தோல்தான் இருக்கிறது, துணி இல்லை. தோல் காயும், வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பேப்பர் மாதிரி துணியை விட்டுக் கழன்று வராது.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பை, செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். வாரின் நுனியைக் கத்தியால் சீவி என் கையில் வைத்தார். "பாரு தாயி, மேல ஒரு பூச்சு, நடுவுல ஸ்பாஞ்சு, அடியில துணி. இதுல தோல் எங்க இருக்கு?" பக்கவாட்டும் அதே ரெக்ஸின் வகைதான். முன்பக்க மூடியை மட்டும் மடித்துப் பார்த்து, "இது தோல்தான், ஆனா அடித்தோல்" என்றார். மாட்டுத்தோல் கனமாக இருப்பதால் மெஷினில் அதைத் தட்டுத் தட்டாகப் பிளப்பார்கள். மேல்தட்டில்தான் இயற்கையான ரேகையும் வலுவும் இருக்கும். அடித்தட்டு சொரசொரப்பாக இருக்கும், அதன்மேல் பிளாஸ்டிக் பூசி ரேகையை அச்சடித்துவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதையும் ஜெனுயின் லெதர் என்று விற்கிறார்கள். இதற்கும் கீழே ஒரு வகை உண்டு, தோல் சீவிய தூளையும் துணுக்குகளையும் பசை போட்டு அழுத்தித் தகடாக்குவது, பாண்டட் லெதர் என்பார்கள்.

கடைசியில் அந்த 'ஜெனுயின் லெதர்' துண்டின் ஓரத்தையும் சீவினார். அது மட்டும் முழுசாகத் தோல். கட்டைவிரல் அகலத் துண்டு. அதில் எழுதியது அந்தத் துண்டைப் பற்றி மட்டும்தான் உண்மை! எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ரெக்ஸின் விற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. 600 ரூபாய்க்கு ரெக்ஸின் என்றே சொல்லி விற்றால் நானே வாங்குவேன். இந்த மாதிரிப் பைகளில் வரும் பியூ (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) வகைப் பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் நாளாக ஆகச் சிதைகிற சரக்கு, பீரோவில் சும்மா வைத்திருந்தாலே உரியும், மதுரை வெயிலில் வியர்வை படும் தோள்வார் எத்தனை நாள் தாங்கும்? ஐரோப்பாவில் விற்கும் ஷூக்களில் மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றும் எதனால் ஆனவை என்று தனித்தனியாகப் படக்குறியாலோ எழுத்தாலோ காட்டியாக வேண்டும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல், டைமண்ட் என்றால் தோலும் துணியும் அல்லாத வேறு பொருள், பூச்சுப் போட்ட தோலுக்குத் தனிக்குறி. ஆம்பூரில் தைத்து அங்கே போகிற ஷூவுக்கு இதைச் செய்யத் தெரிந்த ஊர் நம் ஊர். எனக்கு விற்ற பையில் மூடி எது, வார் எது என்று ஒரு வரி கிடையாது. பில்லில் 'லேடீஸ் பேக் 1' என்று மட்டும் இருக்கிறது.

அந்தப் பில்தான் என் பெரிய தப்பு. பில்லில் லெதர் என்ற சொல்லே இல்லாததால், கடையில் "நாங்க எங்க லெதர்னு எழுதிக் கொடுத்தோம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார்கள். நீங்கள் வாங்கும்போது "முழுப் பையும் தோல்" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், பிறகு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவதானாலும் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். வாசனையை நம்பாதீர்கள், அதையும் தெளிக்கிறார்கள். வார் முடியும் இடம், உள் பாக்கெட்டின் விளிம்பு, இப்படிப் பெயின்ட் பூசாத ஓரம் எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கே தோலின் நார் தெரிகிறதா துணி தெரிகிறதா என்று பாருங்கள்.

5-க்கு 2 கொடுக்கிறேன், இரண்டும் தையலுக்கும் ஜிப்புக்கும். பெரியவர் 180 ரூபாய் வாங்கிக்கொண்டு கித்தான் வார் மாற்றிக் கொடுத்தார், இப்போது அதோடுதான் வேலைக்குப் போகிறேன். மூடியின் மடிப்பிலும் போன வாரம் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது.