பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: சீலிங்கை மூடும் முன் பைப்பைக் கண்ணால் பாருங்கள்

மதுரையில் பழைய வீட்டுக்குள் புது பாத்ரூம் கட்டுகிறவர்கள், முக்கியமாக மாசி வீதிகளை ஒட்டிச் சுவரோடு சுவராக நிற்கும் வீடுகளில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வேலையைக் கொடுங்கள். வீட்டு வேலையை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனம் எங்களை ஏமாற்றிவிட்டது.

அம்மாவுக்கு மூட்டுவலி. மாடி ஏற வேண்டாமென்று கீழ் அறையை ஒட்டி பாத்ரூம் போட்டோம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் வென்டிலேட்டர் வைக்க வழியில்லை. பின்பக்கச் சந்து ஒன்றுதான் வெளி. அதனால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பைப் ஓட்டி, சந்துப் பக்கச் சுவரில் துளை போட்டு, ஈரக்காற்றை வெளியே தள்ளுவதாகப் பேச்சு. பில்லிலும் அதேதான்: நாலு இஞ்ச் பைப் 12 அடி, கோர் கட்டிங் (சுவரில் மெஷினால் வட்டத் துளை போடுவது), வெளி மூடி, ஃபிட்டிங் கூலி. ஃபேன் விலை தனி, இதற்கு மட்டும் 5,400 ரூபாய். சீலிங்கை மூடிவிட்டு, "பைப்பெல்லாம் மேல ஓடுதுண்ணே. வெளியே மூடியும் மாட்டியாச்சு, போய்ப் பாருங்க" என்றார் வேலை பார்த்த தம்பி. பார்த்தேன். மூடி இருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் மக்கல் வாடை ஆரம்பித்தது. பரணில் மூட்டை கட்டி வைத்திருந்த தலையணைகளில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. அப்புறம் ஒருநாள் அம்மா, "டேய், லைட்டுக்குள்ள தண்ணி நிக்குதுடா" என்று கூப்பிட்டார்.

சிம்மக்கல்லில் இருந்து வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தோம். நாலைந்து ஊதுபத்தியைச் சேர்த்துக் கொளுத்தி ஃபேனுக்குக் கீழே பிடித்தார். புகை விறுவிறுவென்று மேலே போனது. "தம்பி, சந்துல போய் நின்னு பாருங்க" என்றார். அங்கே புகையும் இல்லை, வாசனையும் இல்லை. ஏணி போட்டு ஏறி மூடியை இழுத்தார், கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் சிலிகான் பசை. அதற்குப் பின்னால் எங்கள் சுவரின் பழைய நீல டிஸ்டெம்பர் அப்படியே இருந்தது. ஒரு ஆணி அடித்த தடம்கூட இல்லை!

சீலிங்கைப் பிரித்தால் உள்ளே பைப்பே கிடையாது. கெய்சரில் சுடுதண்ணீர் திறக்கும்போதெல்லாம் எழுந்த ஆவியை அந்த ஃபேன் சீலிங்குக்கு மேலேயே ஊதியிருக்கிறது. மேலே போன ஆவி குளிர்ந்து தண்ணீராகி, ஜிப்சம் போர்டு ஊறிக் கட்டை விரல் உள்ளே போகும் அளவுக்கு இளகியிருந்தது. பரணும் சீலிங்குக்கு மேலே இருக்கும் அதே இடத்துக்குள்தான் திறந்திருக்கிறது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஃபேனுக்கு இரண்டு வயர் மட்டும் இழுத்து, எர்த் கொடுக்காமல், ஜாயின்ட்டில் வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஈரத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழேதான் அம்மா நனைந்த உடம்போடு நிற்பார். நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ஃபேன் சத்தம் போட்டு உறிஞ்சுகிறது என்பதற்காக வேலை சரி என்று நம்பாதீர்கள். டிஷ்யூ பேப்பர் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் போதாது, சீலிங்குக்குள் ஊதும் ஃபேனிலும் அது ஒட்டும். காற்று வெளியே வருகிறதா என்று வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும். இன்னொன்றும் அந்த எலக்ட்ரீஷியன் சொல்லித் தெரிந்தது. எங்களுக்கு மாட்டியது சுவரில் நேராகப் பதிக்கிற சாதாரண ஃபேன். அவர்கள் பைப் போட்டிருந்தாலும் அத்தனை நீளத்துக்குக் காற்றைத் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. நீளமான பைப்புக்கு, பைப்போடு சேர்த்துப் பொருத்தும் இன்லைன் ஃபேன் வேண்டும். இப்போது அதைத்தான் போட்டிருக்கிறார். பைப்பை வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்து வைத்ததால் உள்ளே தேங்கும் தண்ணீர் சந்தில் சொட்டிவிடுகிறது. ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் சட்டரை வெளியே மாட்டினார். எர்த்தோடு மூன்று வயர் இழுத்து, பாத்ரூம் லைனுக்கு ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டார். கதவின் அடியில் முக்கால் இஞ்ச் அறுத்துவிட்டார். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எந்த ஃபேனும் வெளியே எதைத் தள்ளும்?

அந்த நிறுவனத்துக்குப் படம் எல்லாம் அனுப்பினேன். "வாரண்டி ஃபேனுக்கு மட்டும்தான் சார்" என்றார்கள். அப்புறம் போனையே எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பைப், கோர் கட்டிங் என்று தனித்தனியாகப் போட்ட பில்தான் எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். ஒட்டுமொத்தமாக ஒரு தொகையை எழுதித் தந்தால் வாங்காதீர்கள். சீலிங் போர்டு ஏறும் முன் பைப்பையும் துளையையும் படமெடுத்துவிட்டு, கடைசித் தவணையை அப்புறம் கொடுங்கள்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டிலும் அவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். நான் சொன்னதும் அந்த அக்கா மாடியிலிருந்து கையை நீட்டி வெளி மூடியை இழுத்துப் பார்த்தார். அங்கேயும் சுவரில் துளை இல்லை.