ஸ்டார் அனலைசர் 100: சூப்பர்நோவாவை வகை பிரிக்க ஒரு சின்ன வளையம்

1.25 அங்குல ஃபில்டர் வளையத்துக்குள் மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் போட்ட, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு கீற்றணி (கிரேட்டிங்), அவ்வளவுதான் இந்தக் கருவி. கேமரா முனையில் திருகினால் ஒவ்வொரு விண்மீனுக்கும் பக்கத்திலேயே அதன் நிறமாலை விழுந்துவிடும்.

ஜப்பானின் கோயிச்சி இடகாகி 2023 மே 19 அன்று எம்101 கேலக்ஸியில் கண்டுபிடித்த சூப்பர்நோவாவான (விண்மீன் வெடிப்பு) எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் மீது என் 8 அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினேன். முதலில் கிடைத்தது நீலம் தூக்கலான, பெரிய அடையாளமில்லாத பட்டை. சில வாரங்கள் கழித்து 6563 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீள அலகு) பக்கம் ஹைட்ரஜன் மேடு அகலமாக எழுந்து நின்றது. அப்படியானால் டைப் 2, ஒரு பெருவிண்மீனின் மையம் இடிந்து விழுந்த வெடிப்பு! டைப் 1ஏ என்ற இன்னொரு வகை என்றால் ஹைட்ரஜன் இருக்காது, 6150 பக்கம் சிலிக்கான் பள்ளம் விழும். சுமார் 2 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்ததை நாமே வகை பிரிக்கும் சந்தோஷம் தனி.

ஒரே பொருளின் ஒளியை மட்டும் உள்ளே விடும் மெல்லிய பிளவு இதில் கிடையாது என்பதால் கேலக்ஸியின் ஒளியும் பக்கத்து விண்மீன்களும் மேலே வந்து விழும். வளையத்தைச் சுழற்றித் தோதான கோணம் பிடிக்க வேண்டும். நுண்ணிய கோடுகள் தெரியாது. அலைநீள அளவுத்திருத்தத்துக்கு வேகா என்ற பிரகாசமான விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஹைட்ரஜன் கோடுகள் பளிச்சென்று விழும்.