தமாரின் உப்பளம்: வெயிலா, காற்றா?

மொரீசியஸின் மேற்குக் கரையில் உள்ள தமாரின் உப்பளங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் புகழ்வார்கள். என் ஓட்டு காற்றுக்கு.

வெயில் நீரைச் சூடாக்கி ஆவியாக்கும், சரி. அந்த ஆவி பாத்திமேலேயே தேங்கினால் வேலை மந்தமாகிவிடும். அதை அள்ளிப்போவது காற்று. தென்கிழக்குக் காற்று தீவின் நடு மேட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டுதான் தமாரினுக்கு இறங்குகிறது. டிசம்பரில் அச்சாருக்கு மாங்காய் உலர்த்தும் நம் அம்மாக்களுக்கு இது தெரியும்: வெயில் சுட்டெரித்தாலும், காற்றில்லாத புழுக்கத்தில் துண்டுகள் நமுத்தே கிடக்கும்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் வெயிலின் கை ஓங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நீர் பத்தில் ஒரு பங்காக வற்றும்போதுதான் சமையலுப்பு படியத் தொடங்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், அந்தக் கெட்டி உப்புநீர் சூடேறாமல் வற்றாது. அப்போது பலத்த காற்றும் ஆகாது. நீர்மேல் ஏடாகப் படரும் மெல்லிய உப்பைக் கலைத்து மூழ்கடித்துவிடும்.

ஜனவரியில் வெயில் உச்சம்தான். ஆனால் கூடவே மழையும் வரும். படிந்த உப்பைக் கரைக்க ஒரு பெருமழை போதும்.