8 மில்லிமீட்டர் என்று சொல்லி 5 மில்லிமீட்டரைத் தலையில் கட்டினார்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்குச் சின்ன அரிசி ஆலை. பிசான அறுவடை நேரத்தில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட் வழுக்கி, அடியில் நெல் அடைத்துக்கொண்டது. இனி வழுக்கினால் மோட்டார் தானாக நிற்கட்டும் என்று திருநெல்வேலியில் ஒரு கடையில், உலோகம் கிட்டே வந்தால் தொடாமலே உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் வாங்கினேன்.

"8 மில்லிமீட்டர் வரை பிடிக்கும் அண்ணாச்சி, எந்த உலோகம்னாலும் சரி" என்றார் கடைக்காரர். ஃபிட்டரையும் அவரே அனுப்பினார். வந்தவர் அடிப்புல்லியின் தண்டில் அலுமினியத் தகடு ஒன்றை முடுக்கி, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் சென்சாரை மாட்டினார். தகடு சுற்றிவரும்போதெல்லாம் சிக்னல் போகும். பெல்ட் வழுக்கி அடிப்புல்லி சுற்றாமல், சிக்னல் வராவிட்டால் மோட்டார் நிற்கும்.

நின்றது. பெல்ட் ஒழுங்காக ஓடும்போதே, நாளைக்கு ஐந்தாறு தடவை. கடையில் கேட்டால் முதலில் வயரிங் கோளாறு என்றார்கள், அப்புறம் உமித்தூசி என்றார்கள். இன்னொரு சென்சாரும் விற்றார்கள். நானும் வாங்கினேன், என்னத்தைச் சொல்ல.

கடைசியில் எங்கள் பழைய எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். தூசிக் கதையைக் கேட்டுச் சிரித்தார். இந்த வகை சென்சாரின் முனையில் உள்ள ஒரு கம்பிச்சுருள், வேகமாக மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உலோகம் கிட்டே வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து அந்தச் சக்தியை உறிஞ்சும். அலைவு தளர்ந்ததும் சுவிட்ச் மாறும். உமியில் மின்சாரம் ஓடாது, அப்புறம் எப்படி அது சென்சாரை ஏமாற்றும்?

24 வோல்ட் கொடுத்து இரும்புத் துண்டைக் காட்டினார். 5 மில்லிமீட்டரில்தான் சென்சாரில் உள்ள விளக்கு எரிந்தது. அலுமினியத்துக்கு 2 மில்லிமீட்டர். பெட்டியில் போடும் தூரம் சாதா இரும்புக்கு உரியதாம். அலுமினியம், செம்பு என்றால் பாதிகூடத் தேறாது. சென்சார்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால், அடியில் 5 என்றே அச்சாகியிருக்கிறது! முனையைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்கலாம் என்றார். 18 மில்லிமீட்டர் மரை உள்ள வழக்கமான ரகங்களில், முனைவரை உலோகம் மூடியிருந்தால் 5. பிளாஸ்டிக் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 8.

கடைக்குப் போனேன். "கம்பெனியில இருந்தே அப்படித்தான் வந்துச்சு" என்று முடித்துவிட்டார்கள். கையில் இருப்பது பில் இல்லை, வெறும் துண்டுச்சீட்டு. இரண்டுக்குமாக 3,600 ரூபாய். வாங்கப் போகிறவர்கள் ஒரு இரும்புத் துண்டும் ஸ்கேலும் கொண்டுபோய், கடையிலேயே விளக்கை எரியவைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லையும் விடாதீர்கள்.

அண்ணன் அலுமினியத்தைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு போட்டார். அதே சென்சார், அதே இடைவெளி. அன்றிலிருந்து ஒரு தடவைகூட வீணாக நிற்கவில்லை. ரெண்டாவது சென்சார் மேசை டிராயரில் கிடக்கிறது.